பதினோரு டிகிரிச் சாய்வு

கோணலாக எதைக் கண்டாலும் எனக்குக் கை துறுதுறுக்கும். டாக்டரிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிர்ச் சுவரில் காலண்டர் ஒரு பக்கம் இறங்கித் தொங்கும். அதற்கப்புறம் நம்பர் கூப்பிடுவதுகூடக் காதில் விழாது. எழுந்து போய் அதை நேராக்கிவிட்டு வந்தால்தான் உடம்புக்கு என்ன என்று ஒழுங்காகச் சொல்ல வரும். ஒருமுறை கல்யாண மண்டபத்தில் மணமக்கள் பேர் எழுதிய பலகையைச் சரி செய்ய மேடை ஏறிவிட்டேன். மாப்பிள்ளை, பெண் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று சரி செய்துவிட்டுத்தான் இறங்கினேன்.

தூத்துக்குடியில் எனக்கு ஹார்டுவேர் கடை. கடைக்கு மேலேயே வீடு. ஆணி, கயிறு, பெயிண்ட், பைப் என்று எல்லாம் விற்கிறேன். எனக்குப் பிடித்த சரக்கு ரசமட்டம். கொத்தனார் சுவரின் மேல் வைத்துப் பார்ப்பாரே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி நடுவில் நிற்கிறதா என்று, அதுதான். ஒவ்வொன்றையும் மேசையில் வைத்து, முன்பின் திருப்பி வைத்து, குமிழி ஒரே இடத்தில் நின்றால்தான் விற்பேன். "அண்ணாச்சி ரசமட்டத்துக்கே மட்டம் பாக்குத ஆளு" என்று கொத்தனார்கள் கேலி செய்வார்கள். என் மனைவி அதையும் தாண்டி, "இவிய ரசமட்டத்த முழுங்கிட்டுப் பொறந்தவிய" என்பாள்.

இருபத்தைந்து வருஷமாகத் துறைமுக ஊரில் கடை வைத்திருக்கிறோம். கப்பலை விடுங்கள், நாங்கள் ஒரு வள்ளத்தில்கூட ஏறியதில்லை. என் ஆட்கள் உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணல் மேட்டுக்காரர்கள். என் மனைவி தாமிரபரணிக் கரை வயல்காட்டுக்காரி. ஆற்றில் இடுப்பளவுக்கு மேல் இறங்காதவள். கடற்கரைக்குப் போனால் அலை கால் நனைக்கிற இடத்துக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுகொண்டு சுண்டல் சாப்பிடுவாள். இந்த வீட்டிலிருந்துதான் எங்கள் ஒரே மகள் கப்பல் படிப்புப் படிக்கிறேன் என்றாள்.

நான் சரி என்றேன். ரொம்ப யோசித்துச் சொன்னேன் என்று இப்போது பெருமை பேச மாட்டேன். பிள்ளை ஆசைப்பட்டாள், மார்க் இருந்தது, சரி என்றேன். என் மனைவி அன்றைக்குச் சாப்பிடவில்லை. படிப்பு முடிந்து, பயிற்சிக்காகச் சரக்குக் கப்பலில் ஏற வேண்டிய நாள் வந்தபோது ஒரு நிபந்தனையோடு விட்டாள். "ஒரு தடவ போயிட்டு வா. ஆசைக்குப் போயிட்டு வா. அதுக்கு மேல என் மனசு தாங்காது."

ஒரு தடவை போதாது. இரண்டாவது கப்பலும் ஏறிக் கடலில் இருக்க வேண்டிய மாதங்கள் நிறைந்தால்தான் பரீட்சை எழுதி அதிகாரி ஆக முடியும். இல்லையென்றால் படித்ததெல்லாம் வீண். மகள் பிடிவாதக்காரிதான். ஆனாலும், "அம்மா மனசில்லாம ரெண்டாவது தடவ ஏற மாட்டேம்ப்பா" என்று என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நாலாவது மாதம் அவளிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. மொத்தம் நாற்பது வினாடி. கப்பலின் பின்தளத்தில் ஒரு கம்பியோடு சேர்த்துப் போனைக் கட்டிவைத்துவிட்டு எதிரே வந்து நிற்கிறாள். உடம்பை மூடிய ஆரஞ்சு உடுப்பு, தலையில் ஹெல்மெட், கையில் டீ. "அம்மா, பாரு, எதையும் பிடிக்காம நிக்கேன்!" என்று சிரிக்கிறாள்.

போன் கப்பலோடு கட்டப்பட்டிருந்ததால் படத்தில் கப்பல் அசையவே இல்லை. தளம், கைப்பிடிக் கம்பி எல்லாம் நம் வீட்டு மொட்டைமாடி மாதிரி அப்படியே நிற்கின்றன. பின்னால் இருக்கிற கடல்தான் சாய்ந்தது. வானமும் தண்ணீரும் சேருகிற கோடு இடப்பக்கம் மேலே ஏறும், வலப்பக்கம் இறங்கும். கொஞ்சம் நின்று, அப்படியே மாறும். கடல் சாய்கிற பக்கமே எங்கள் மகளும் சாய்ந்தாள். இடப்பக்கம், வலப்பக்கம், திரும்ப இடப்பக்கம்.

என் மனைவி பத்து வினாடிகூடப் பார்க்கவில்லை. "ஏங்க, விழப் போறா, விழப் போறா" என்று போனை என் மடியில் தள்ளிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தலை சுற்றிவிட்டது. போய்ப் படுத்தவள் விளக்கேற்றும் நேரத்துக்குத்தான் எழுந்தாள்.

அதற்கப்புறம் மகளிடமிருந்து என்ன வந்தாலும் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு குரலை மட்டும் கேட்டாள். வீடியோ காலில் பிள்ளை அங்கே முகத்தைக் காட்டிப் பேசுவாள். இங்கே அவள் முகம் சாப்பாட்டு மேசையைப் பார்த்துக் கிடக்கும். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கவிழ்த்து வைத்த போனிலிருந்து, "அம்மா, ஏன் இருட்டா தெரியுது?" என்று ஒருநாள் கேட்டாள். "சார்ஜ் கம்மியா இருக்கு" என்று என் மனைவி பதில் சொன்னாள்.

மகள் ஊருக்கு வர ஒரு மாதம்தான் இருந்தது. கப்பலை விட்டு இறங்குவதற்குள் அடுத்த கப்பலுக்குச் சம்மதமா இல்லையா என்று கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் என்னிடம், "அம்மா என்னப்பா சொல்லுதா?" என்பாள். நான் பேச்சை மாற்றுவேன்.

இந்தச் சமயத்தில்தான் விசைப்படகு டிரைவர் ஒருவர் நைலான் கயிறு வாங்கக் கடைக்கு வந்தார். திரேஸ்புரத்துக்காரர், ரொம்ப நாள் வாடிக்கை. கயிற்றை அளந்துகொண்டே கேட்டேன், கடலில் தலை சுற்றினால் என்ன செய்வீர்கள் என்று.

"கிட்டக்க உள்ளதப் பாக்கக் கூடாது அண்ணாச்சி. தூரத்துல வானமும் தண்ணியும் முட்டுத கோடு இருக்குல்லா, அதையே பாத்துட்டு நிக்கணும். அது ஆடாது. கண்ணுக்கு ஒண்ணு நின்னாப் போதும், வயிறு அடங்கிரும்."

எனக்கு உடனே பொறி தட்டியது. கோடு நின்றால் தலை சுற்றாது. வீடியோவில் கோடு சாய்கிறது. அதை நேராக்குவதுதானே நான் பிறந்ததிலிருந்து செய்கிற வேலை! படகில் நிற்கிறவனுக்குச் சொன்ன வைத்தியத்தை வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறவளுக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கவில்லை. டிரைவர் போனதும் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

பில் போடுகிற அந்தக் கம்ப்யூட்டரில் வீடியோ எடிட் செய்கிற மென்பொருள் ஒன்று இருந்தது. மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேச வீடியோவுக்குப் பாட்டுச் சேர்க்க நான் இறக்கி வைத்தது. படத்தைத் திருப்புவதற்கு அதில் ஒரு கட்டம் உண்டு. இத்தனை டிகிரி என்று எண் போட்டால் படம் அத்தனை டிகிரி திரும்பும். மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். முதலில், வீடியோ எந்த மானிட்டரில் தெரிகிறதோ அதுவே சரியாக நிற்கிறதா என்று ரசமட்டத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். அரைக் குமிழி சாய்ந்திருந்தது. அடியில் விசிட்டிங் கார்டை மடித்துச் செருகினேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த என் மனைவி அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

ஆரம்பத்தில் கடல் ஆறு டிகிரி சாய்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் ஆறு டிகிரி திருப்பினேன். கோடு நேரானது. ஓடவிட்டேன். ஐந்து வினாடியில் கடல் மறுபக்கம் சாய்ந்து, நான் திருப்பிய ஆறும் அதோடு சேர்ந்து, முன்னைவிட மோசமாகக் கவிழ்ந்தது. காலண்டரை ஒரு தடவை நேராக்கினால் அது அப்படியே கிடக்கும். இது கிடக்காது. ஓடிக்கொண்டே இருக்கிற கோணலை ஓடிக்கொண்டேதான் நேராக்க வேண்டும்.

அதற்கு கீஃப்ரேம் என்று ஒன்று இருக்கிறது. வீடியோவின் நீளக்கோட்டில் எந்த வினாடியில் வேண்டுமோ அங்கே சின்ன வைரப் புள்ளி ஒன்று வைத்து, இந்த இடத்தில் இத்தனை டிகிரி என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி வைத்து வேறு எண் கொடுத்தால், இரண்டுக்கும் நடுவில் உள்ளதை மென்பொருளே நிரப்பி, படத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டு போகும். எனக்குப் புல்லரித்துவிட்டது. அரை வினாடிக்கு ஒன்று என்று எண்பது புள்ளி வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, திரையில் ஸ்கேல் வைத்து, கோட்டைச் சரி பார்த்து, எண் போட்டேன். இரண்டு மதியம் போனது. ஓடவிட்டால் கடல், குளிர்காய்ச்சல்காரன் கை மாதிரி வெடவெடவென்று நடுங்கியது.

மூன்றாவது மதியம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கை வைக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பிடிபட்டது. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது முதலில் வேகமாகச் சாய்கிறது. எல்லை வந்ததும் தயங்குகிறது. ஒரு மூச்சு நிற்கிறது. பிறகு மெல்லத் திரும்புகிறது. நிற்கிற அந்த இடங்களில் மட்டும் புள்ளி வைத்தால் போதும். புள்ளிக்கு வரும்போது மெதுவாக வா, விட்டுப் போகும்போதும் மெதுவாகப் போ என்று சொல்வதற்கும் ஒரு பொத்தான் இருந்தது. எண்பது புள்ளி செய்யாததை ஒன்பது புள்ளி செய்தது. கடல் அப்படியே அடங்கி, நூல் பிடித்த மாதிரி நின்றது.

ஆனால் நான் சந்தோஷப்படவில்லை, பயந்துபோனேன். கடல் நின்றுவிட்டது, கப்பல் ஆட ஆரம்பித்துவிட்டது. அதுவரை மொட்டைமாடி மாதிரி நின்ற தளமும் கைப்பிடியும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எழுந்து விழுந்தன. நான் போட்ட எண்களில் பெரியது பதினொன்று. பதினோரு டிகிரி எவ்வளவு என்று எனக்குக் கைக்கணக்காகத் தெரியும். தகரக் கூரைக்குத் தண்ணீர் வழிய நான் சொல்லிக் கொடுக்கிற சாய்வு அது. அப்படி ஒரு கூரையின் மேல், அதுவும் ஆடுகிற கூரையின் மேல், என் பிள்ளை ஏழு மாதமாகச் சாப்பிட்டுத் தூங்கி வேலை செய்திருக்கிறாள். சரி என்று சொன்னவன் நான்.

இதை என் மனைவி பார்த்தால் முடிந்தது கதை. படம் திரும்பத் திரும்ப நான்கு மூலையிலும் கறுப்பு ஓட்டை வேறு விழுந்தது. அதை மறைக்கப் படத்தைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினேன். கறுப்பு போனது. இன்னும் பெரிதாக்கினேன். கைப்பிடி போனது. இன்னும் கொஞ்சம். தளம் போனது, கப்பலே போனது. மகள் மார்பளவுக்கு நிற்கிறாள், பின்னால் அசையாத கடல். நம்ம ஊர் பீச்சில் டீ குடிக்கிற மாதிரி இருந்தது. ஏமாற்று வேலைதான். ஆனாலும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

டிவியில் போட்டேன். "தல சுத்தாது, என்னை நம்பிப் பாரு" என்றேன். முதலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு இரண்டு கண்ணாலும் பார்த்தாள். நாற்பது வினாடியும் பார்த்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"பிள்ளைக்கிக் காலு எங்க?"

"அது... படம் பெருசாத் தெரியணும்னு..."

"காலக் கேட்டேன்."

அவள் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சுவரில் மாட்டுகிற படத்தில் உயிரோடு இருப்பவர்கள் காலோடு இருப்பார்கள். மார்பளவில் வெட்டி எடுத்த படம் என்றால் அதற்கு மாலை போட்டிருக்கும். எங்கள் கல்யாணப் படத்தை பிரேம் போடும்போது கால் வெட்டுப்பட்டுப் போனதற்காகக் கடைக்காரரிடம் சண்டை போட்டு மாற்றி வாங்கியவள். முப்பது வருஷம் அவளோடு இருந்தும், மூன்று நாள் டிகிரி பார்த்த மும்முரத்தில் எனக்கு அது மறந்துவிட்டது. கடலில் இருக்கிற பிள்ளையைக் காலில்லாமல் வெட்டி, அவள் எதிரில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

"என்ன செஞ்சு வச்சிருக்கிய? உள்ளதச் சொல்லுங்க" என்றாள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சொல்லிவிட்டேன். டிரைவர் சொன்னது, புள்ளி வைத்தது, கப்பல் ஆடியது, நான் பயந்து கப்பலை வெட்டியது, எல்லாம்.

"வெட்டாதத எடுத்துட்டு வாங்க."

"ஏளா, வேண்டாம். கப்பல் கெடந்து ஆடுது. உனக்குத் தாங்காது."

"எனக்குப் பிள்ளையோட காலப் பாக்கணும்."

கீழே போய் வெட்டாததை எடுத்து வந்தேன். நாலு மூலையிலும் கறுப்பு விழுந்து, படமே தாம்பாளம் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. கடல் மட்டும் நூலாக நின்றது. நான் டிவியைப் பார்க்கவில்லை. அவள் எப்போது சரிந்தாலும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவளையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவள் சரியவில்லை. கட்டிலிலிருந்து எழுந்தாள். டிவிக்குக் கிட்டே போனாள்.

"இன்னொருக்கப் போடுங்க."

போட்டேன்.

"பாத்தியளா? அவ சாயல."

நான் திரும்பிப் பார்த்தேன். தளம் இடப்பக்கம் இறங்குகிறது. மகள் ஒரு முழங்காலை லேசாக மடக்குகிறாள், நேராக நிற்கிறாள். தளம் வலப்பக்கம் இறங்குகிறது. மறு முழங்கால் மடங்குகிறது, நேராக நிற்கிறாள். டீ சிந்தவில்லை. கடல் சாய்கிற பக்கமெல்லாம் அவளும் சாய்ந்தாளே, கடலை நேராக்கியதும் அவளும் நேராகிவிட்டாள். அவள் முதலிலிருந்தே நேராகத்தான் நின்றிருக்கிறாள். சாய்ந்தது கப்பலும் அதோடு கட்டியிருந்த போனும். கோட்டுக்கு மூன்று நாள் ஸ்கேல் வைத்துப் பார்த்த நான், நடுவில் நின்ற பிள்ளையை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"கடையில தூக்குக்குண்டு இருக்கும்லா, அத எடுத்துட்டு வாங்க" என்றாள்.

நூலில் கட்டித் தொங்கவிடுகிற பித்தளைக் குண்டு அது. சுவர் நெட்டுக்குத்தாக எழும்புகிறதா என்று கொத்தனார் பார்ப்பது. முப்பது வருஷமாக என் கோணல் பைத்தியத்தைக் கேலி செய்தவள் அதைக் கேட்டு வாங்கி, டிவிக்கு முன்னால் தானே பிடித்தாள். நூல் மகளின் ஹெல்மெட்டிலிருந்து காலடி வரைக்கும் இறங்கியது. கப்பல் நூலுக்குப் பின்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. பிள்ளை நூலோடு நின்றாள். விரற்கடை அளவு விலகுவாள், திரும்ப வந்துவிடுவாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் மனைவி அழவில்லை. கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை போடச் சொன்னாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை, மதியக் கடையை அன்றைக்கு அரைமணி நேரம் தாமதமாகத் திறந்தேன்.

கப்பல் அடுத்த துறைமுகம் சேர நாலு நாள் ஆனது. ஐந்தாம் நாள் காலையில், மீன்காரம்மாவிடம் சாளை வாங்கிக்கொண்டிருந்தபோது வீடியோ கால் வந்தது. கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். கவிழ்த்து வைக்கவில்லை. முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அம்மா!" என்று அங்கே ஒரு கத்தல். மூன்று மாதத்துக்கு மேலாக இருட்டைப் பார்த்துப் பேசிய பிள்ளை.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா. இன்னைக்குத்தான் உன் முகம் தெரியுது!"

"அத விடு. ஏளா, அந்த வீடியோவுல போட்டிருக்கியே ஒரு ஷூ, வலது காலு அடி ஒரு பக்கமா தேஞ்சிருக்கு. பாத்தியா நீ?"

"கப்பல்ல குடுத்ததும்மா. பரவால்ல, இன்னும் ஒரு மாசந்தானே."

"என்ன பரவால்ல? வந்ததும் நல்லதா ஒண்ணு வாங்கணும். அடுத்த கப்பலுக்கும் இதையே போட்டுட்டுப் போலாம்னு இருக்கியா?"

நான் எட்டிப் பார்த்தேன். திரையில் மகள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். என் மனைவி போனை இன்னும் கொஞ்சம் கீழே சாய்த்துப் பிடித்தாள், அப்படிப் பிடித்தால் அங்கே பிள்ளையின் கால் தெரியும் என்கிற மாதிரி.